புளோரிடாவில் வாடகைக்கு விட வீடு வைத்திருக்கிறீர்களா?

காப்பீட்டுப் பத்திரத்தில் பிரீமியத்தைப் பார்க்கும் முன் ‘ஹரிக்கேன் டிடக்டிபிள்’ என்ற வரியைத் தேடுங்கள். புயல் சேதத்தில் நம் கையிலிருந்து போகும் பங்கு அது. பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். அதுவும் சேதத் தொகையில் அல்ல, வீட்டின் காப்பீட்டுத் தொகையில். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீடு என்றால் 2 சதவீதம் 8,000 டாலர், 5 சதவீதம் 20,000. கூரை பிய்ந்து 15,000 டாலர் செலவானால், 5 சதவீதக்காரருக்கு ஒரு காசு வராது. பிரீமியம் குறைகிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்தால், அந்த 20,000-ஐத் தனியாக எடுத்து வையுங்கள்.

வெள்ளம் இதில் சேராது, தனி பாலிசி வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக வாங்கி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் பருவம் ஜூன் 1-ல் தொடங்குவதால் ஏப்ரலிலேயே வாங்கிவிடுவது நல்லது. டிவியில் புயலின் பெயர் ஓட ஆரம்பித்த பிறகு ஏஜெண்டுக்கு போன் போட்டுப் பயனில்லை.

அப்புறம், குடியிருப்பவரின் சோபாவும் டிவியும் உங்கள் பாலிசியில் வராது. அவர் தனியாக ‘ரென்டர்ஸ் இன்சூரன்ஸ்’ எடுக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.