ஆபரேஷன் வருகிறதா? கொழுப்பு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் சிலர் முதலில் செய்வது மாத்திரை டப்பாவை ஓரங்கட்டுவதுதான். என் பெரியப்பாவும் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் அதைத்தான் செய்தார். பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை பற்றியெல்லாம் டாக்டரிடம் விவரமாகக் கேட்டவருக்கு, ராத்திரி போடும் கொழுப்பு மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. "ஒரு மாசம் கொழுப்பு ஏறினா என்ன ஆகிடப் போகுது?" என்று அவராகவே விட்டுவிட்டார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரைகள் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் குறைப்பவை அல்ல. ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து மாரடைப்பு வராமல் இருக்கவும் அவை உதவுகின்றன. ஆபரேஷன் சமயத்தில் பிபி ஏறி இறங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தம் உறையும் தன்மையும் கூடும். திட்டு வெடிப்பதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. காவல்காரருக்கு லீவு கொடுக்கும் நேரமா அது? ஏற்கெனவே ஸ்டாடின் எடுப்பவர்கள் ஆபரேஷன் சமயத்திலும் அதைத் தொடர வேண்டும் என்றே அமெரிக்க, ஐரோப்பிய இதய மருத்துவர் அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வெறும் வயிற்றில் இருக்கச் சொன்ன நாளிலும், மயக்க மருந்து டாக்டர் சரி என்றால் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிடலாம்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பலர் சாப்பிடுவது தனி ஸ்டாடின் அல்ல, கூட்டு மாத்திரை. அடோர்வாஸ்டாடினோடு ஆஸ்பிரின், ரோசுவாஸ்டாடினோடு குளோபிடோக்ரெல் (இவை இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை), சிலவற்றில் ஸ்டாடினோடு இந்த இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில். இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். "ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்துங்கள்" என்று டாக்டர் சொன்னால், கேப்ஸ்யூலோடு ஸ்டாடினும் சேர்ந்து நின்றுபோகும். "கொழுப்பு மாத்திரையைத் தொடருங்கள்" என்று சொன்னாலோ, குளோபிடோக்ரெலும் சேர்ந்து உள்ளே போகும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பதற்குப் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டிய மருந்து அது. மேஜையில் படுக்க வைத்த பிறகு இது தெரியவந்தால் ஆபரேஷனையே தள்ளிப்போட நேரிடும்.

ஆகவே ஆபரேஷனுக்கு உடம்பு தாங்கும் என்ற ஃபிட்னஸ் சான்று வாங்கப் போகும்போது மாத்திரையின் பெயரைச் சொன்னால் போதாது, அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கும். ஆபரேஷன் முடியும்வரை ஸ்டாடினைத் தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் குளோபிடோக்ரெலைத் தாங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அதை இதய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாக் கொழுப்பு மருந்துக்கும் ஒரே விதி என்று நினைப்பதும் தவறு. ஃபெனோஃபைப்ரேட், எசெடிமைப், தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் கொலஸ்டிரமின் பொடி ஆகியவற்றை ஆபரேஷன் அன்று விட்டுவிடச் சொல்வதுதான் வழக்கம். ரோசுவாஸ்டாடினும் ஃபெனோஃபைப்ரேட்டும் சேர்ந்தே வரும் மாத்திரைகளும் உண்டு. மறுபடியும் அட்டைதான்!

இதற்கு நேரெதிராகச் சிலர், "நல்லதுதானே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் ஸ்டாடினை ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்பு தாங்களும் ஆரம்பிப்பார்கள். சீனாவில் இதய ஆபரேஷனுக்குக் காத்திருந்த 1,922 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு தினம் 20 மில்லிகிராம் ரோசுவாஸ்டாடின் கொடுத்தார்கள். இதயத் துடிப்புக் கோளாறும் குறையவில்லை, இதயத் தசைச் சேதமும் குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்புதான் கொஞ்சம் கூடியது. கால், கழுத்து போன்ற இடங்களில் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு டாக்டரே முன்கூட்டி ஆரம்பிப்பது வேறு கதை.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்கள். ஸ்டாடின் ஊசி வடிவில் கிடையாது, டிரிப்ஸில் ஏற்ற முடியாது. வாய்வழி சாப்பிட அனுமதித்ததும் மற்ற மாத்திரைகளோடு இதையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், அடோர்வாஸ்டாடின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம். வெட்டிய இடத்தில் வலிப்பது இயல்பு. தொடை, தோள் என்று உடம்பெல்லாம் வலித்து, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்கு ரத்தத்தில் கொழுப்பின் அளவு தானாகவே இறங்கியிருக்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து "குணமாயிடுச்சு" என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் கொழுப்பு மாத்திரையின் பெயர் இல்லை. அவர்தான் முன்பே நிறுத்திவிட்டாரே, எழுதியவருக்கு அது எப்படித் தெரியும்? சீட்டில் இருந்ததை மட்டும் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு மாதம் கழித்து எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.