மறுசோறு கேட்பதற்கு முன் பத்து நிமிடம்

திருச்சியில் இருபது வருடமாகச் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு மூன்றரை மணிக்கு நின்றுகொண்டே ஏழு நிமிடத்தில் விழுங்குவேன். எடை 88 கிலோ ஆனது. ஒரு தீபாவளிக்கு முன், இரவில் இரண்டு சப்பாத்தி மட்டும் என்று இருந்து நான்கு கிலோ இறக்கினேன், பொங்கலுக்குள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது.

நர்சிங் படிக்கும் மகள் காரணம் சொன்னாள். உடம்புக் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனை அனுப்பி, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளையின் ஹைப்போதாலமஸுக்குத் தெரிவிக்கும். கொழுப்பு வேகமாகக் குறைந்தால் லெப்டினும் சரியும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டிவிடும். அதனால் இந்த முறை மெதுவாகப் போனேன்.

முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எனக்கு இதற்கே ஒரு மாதம் ஆனது. இலையில் கூட்டு, பொரியல் முதலில். சோறு ஒரு கரண்டி. வயிறு விரிவதை வேகஸ் நரம்பு உடனே மூளைக்குச் சொல்லும். ஆனால் குடலிலிருந்து வரும் 'போதும்' ஹார்மோன்கள் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தச் சேதி போய்ச் சேர்வதற்குள் நான் மறுசோற்றையும் முடித்திருப்பேன். இப்போது ரசத்துக்கு முன் பத்து நிமிடம் சும்மா இருக்கிறேன். பாதி நாள் மறுசோறு தேவைப்படுவதில்லை.

பதினொரு மணி வடைப் பசி வேறு மாதிரி. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன், வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே ஏறும். சாப்பிடாவிட்டாலும் பிறகு தானே இறங்கும். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கணக்கு நோட்டைப் பிரியுங்கள், பதினொன்றே முக்காலுக்குள் அடங்கிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இப்படித் தள்ளிப்போடக் கூடாது.

இனி தொழில் ரகசியம். 'வயிறு ஃபுல்லுண்ணே' என்று இலையை மூடப் போகிறவர், பாயச வாளியைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார். ஏனென்றால் மூளைக்குச் சலித்துப்போவது இதுவரை தின்ற ருசிதான், புது ருசிக்கு இன்னும் ஆசை இருக்கும். எங்கள் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் அந்த ஆசையை நம்பித்தான் இலைக்கு வருகின்றன! ஆகவே வீட்டில் வார நாட்களில் ஒரு குழம்பு, ஒரு காய், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தச் சட்டம் கிடையாது.

அப்புறம் தூக்கம். சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள்; பத்து மணி நேரம் படுக்கவிட்டபோது இருந்ததைவிட லெப்டின் 18 சதவீதம் குறைந்து, கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது. 2004இல் வந்த ஆய்வு. காய் வாங்க விடிகாலை நாலு மணிக்குக் காந்தி மார்க்கெட் போகிறவன் நான், ஒன்பது மணிக்கே போனை அணைத்துவிடுகிறேன்.

ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. பதினொரு மணி வடை சனிக்கிழமை மட்டும். அன்றைக்குக் கீரை வடை.