பிள்ளை இமைப்பதை எண்ணிப் பாருங்கள்

கைப்பேசி பார்த்து முடித்த பிள்ளை எதற்கெடுத்தாலும் சிணுங்கினால், அதை அடம் என்று சொல்லிக் கண்டிக்கும் பெற்றோரே அதிகம்; அது கண் சோர்வாகவும் இருக்கலாம். தக்கலையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. செம்பில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சோறு உண்ணும் ஆறு வயது மகன், இடது புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். "கண் வலிக்குதா மக்களே?" என்று கேட்டால், திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே "இல்லம்மா" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. கண் இப்படி எரியக் கூடாது என்பதே அவனுக்குத் தெரியாது.

ஆகவே பிள்ளையிடம் கேட்பதைவிட எண்ணுவது நல்லது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பிள்ளை அறியாதபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு அவன் கதை பேசும்போது மீண்டும் எண்ணுங்கள். இமைப்பது குறைந்தால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து, அந்த எரிச்சலிலேயே கண்ணில் நீர் வடியும்; அதை நாம் சளி என்று எண்ணி ஆவி பிடிக்கச் சொல்கிறோம். கிட்டே இருப்பதைப் பார்ப்பதற்காக இறுகிய கண்தசை நெடுநேரம் தளராமல் இருப்பதால் நெற்றிவலியும், தொலைவில் சிறிது நேர மங்கலும் வரும்.

தொலைவை அளக்க அளவுகோல் வேண்டாம். பிள்ளையின் முஷ்டியைக் கன்னத்தில் ஊன்றினால் முழங்கை எட்டும் இடத்துக்கும் கிட்டே கைப்பேசி வரக் கூடாது. படுத்துக்கொண்டு பார்த்தால் அது தானாகவே முகத்துக்கு நெருங்கிவிடும் என்பதால் உட்கார்ந்து பார்க்கவே பழக்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்க வேண்டும் என்பது கண் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வெறுமனே தூரத்தைப் பார் என்றால் எந்தப் பிள்ளையும் பார்க்காது. வாசல்படியில் நிறுத்தி, அடுத்த விளையில் நிற்கும் தென்னையின் குலையில் எத்தனை காய் என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் 20 விநாடி கடந்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்கள் அதிகம். மின்சாரம் போன இருட்டறையில் கைப்பேசி மட்டும் ஒளிர்வது கண்ணுக்குப் பெரும் சிரமம். அருகில் ஒரு அவசர விளக்காவது எரியட்டும். மழை வெறித்த நாளில், கிட்டப்பார்வைக் குறைபாட்டைத் தடுக்க உதவும் பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் விளையாட விடுங்கள்.

இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. வளைகுடாவில் இருக்கும் அப்பாவோடு முகம் பார்த்துப் பேசும் நேரத்தை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவு செய்யவும் வேண்டாம். கண் சோர்வை அது குறைப்பதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை.

பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, கரும்பலகையில் இருப்பதைத் தவறாக எழுதி வந்தாலோ, தலைவலி தொடர்ந்தாலோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால் பல மணி நேரம், சில வேளை மறுநாளும், கிட்டே உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். தேர்வுக்கு முந்தைய நாளில் மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.