விகாரக் கணக்கில் நாங்கள் விடுகிற பிழைகள்

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறவன் நான். போன மாரியில் பரந்தன் பக்கம் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு வயதுப் பெடியன் முற்றத்தில் விழுந்து, முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தான். ஹீமோபீலியா. இரத்தம் உறையாத வருத்தம். தாய் வாய் திறக்கவில்லை. அப்பம்மாதான் கதைத்தார்.

"எங்கடை பக்கத்திலை ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை சேர். இது தாய்வழியா வாறதாம். டொக்டரே சொல்லிப்போட்டார்."

டொக்டர் சொன்னது சரி. அப்பம்மா விளங்கிக்கொண்டதுதான் பிழை. ஏ9 வீதியால் வருகிற சாமான் எல்லாம் வவுனியாவில் விளைந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு விகாரம், அதாவது டிஎன்ஏயில் வந்த ஒரு மாற்றம், யார் வழியாக வந்தது என்பது ஒரு கேள்வி. யாருடைய உடலில் உண்டானது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் நான் அதிகம் காண்கிற பிழை. வீடுகளில் மட்டுமில்லை, வகுப்பிலும்தான்.

இந்த வருத்தத்தைத் தருகிற விகாரம் இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்). மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆனால் தாயிடம் இருப்பது இரண்டு எக்ஸ். அதில் ஒன்று அவருடைய தகப்பன் கொடுத்தது. ஹோல்டேன் என்ற பிரித்தானிய அறிஞர் (கடைசிக் காலத்தில் இந்தியாவில் குடியேறி, 1964 இல் புவனேஸ்வரத்தில் காலமானவர்) 1930களிலும் 40களிலும் இந்த வருத்தத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டார். அந்தக் காலத்தில் கடுமையான ஹீமோபீலியா உள்ள ஆண்கள் பிள்ளை பெறுகிற வயதுவரை இருப்பதே அரிது. எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் இந்த விகாரங்களில் ஒரு பங்கு அவர்களோடு அழிந்துபோகும். அப்படியும் வருத்தம் ஒழியவில்லை என்றால் புதிய விகாரங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும். அவை ஆணிலும் பெண்ணிலும் ஒரே அளவில் வருமென்றால், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய தாயின் இரத்தத்தில் அந்த விகாரம் இருக்கவே கூடாது. தாயின் முட்டையில் புதிதாக வந்ததாக இருக்க வேண்டும். கிடைத்த குடும்பங்களில் அப்படியான தாய்மார் அதைவிடக் குறைவு. பெரும்பாலான தாய்மார் ஏற்கெனவே காவிகள், அதாவது தங்களுக்கு வருத்தம் தெரியாமலே விகாரத்தைக் காவுகிறவர்கள். அப்படியென்றால் விகாரம் ஒரு தலைமுறை முந்தி, அம்மப்பாவின் விந்தில் நடந்திருக்க வேண்டும். ஆணில் விகார வீதம் பத்து மடங்களவு கூட இருக்கலாம் என்று 1947 இல் எழுதினார்.

பத்து என்பது கூடிப்போன கணக்கு. இன்றைக்கு மனிதரில் மூன்று நாலு மடங்கு என்கிறார்கள். ஆனால் திசை சரி. கடுமையான ஹீமோபீலியா ஏ வகையில் பாதிக்குக் கிட்டவானவை ஒரே மாதிரியான கோளாறு: எக்ஸ் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிப் பொருந்திவிடும். இது அநேகமாக எப்போதும் விந்து உண்டாகும்போதுதான் நடக்கிறது. முட்டை உண்டாகும்போது எக்ஸுக்குப் பக்கத்தில் சோடி எக்ஸ் இருக்கும். ஆணில் அந்தத் துணை இல்லாததால் அது தன்மேலேயே மடிந்துகொள்ள இடமிருக்கிறது.

இதை முடிந்தளவு எளிமையாக அப்பம்மாவுக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுவிட்டு, "அப்ப இது அவளின்ரை தேப்பன் பாத்த வேலை!" என்றார். செத்துப் பல வருடமான மனிசன். பழி பாதை மாறியதே தவிர இறங்கவில்லை.

"விகாரம் என்றால் குறைதானே?"

இந்தப் பிழைக்கு அந்தச் சொல்லே ஒரு காரணம். வீட்டில் விகாரம் என்றால் அவலட்சணம். ஆனால் தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இன்னொரு விகாரம் தெரியும்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ஒரு எழுத்துத் தோன்றியது, பொற்குடத்தில் ஒரு எழுத்துத் திரிந்தது, மரவேரில் ஒரு எழுத்துக் கெட்டது. டிஎன்ஏயிலும் இதே மூன்றுதான்: எழுத்துச் சேர்வது, மாறுவது, விழுவது. வாழைப்பழத்தை யாரும் குறை என்று சொல்வதில்லையே.

பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. மொத்த எழுத்துகள் 600 கோடிக்கு மேல். புரதமாக மாறுகிற பகுதி நூற்றில் ஒன்று இரண்டுதான் என்பதால், புதிய மாற்றங்களில் ஒன்றளவே அங்கே விழும். அதுவும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நீங்களும் நானும் அப்படி வந்தவர்கள்தான்.

"ஆணில் கலப்பிரிவு கூட, அதனால் பிழையும் கூட"

இதை நானே வருடக்கணக்காக இப்படித்தான் படிப்பித்தேன். பாதி சரி.

பெண்ணின் முட்டைக்கலங்கள் (கலம் என்றால் செல்) அவர் பிறக்க முந்தியே இருபது சொச்சம் தடவை பிரிந்து நின்றுவிடுகின்றன. ஆணில் விந்தைத் தருகிற கலங்கள் பருவம் வந்த நாள் தொடக்கம் 16 நாளுக்கு ஒருதரம் என்ற கணக்கில் பிரிந்துகொண்டே இருக்கும். 20 வயதில் ஏறத்தாழ 150 தடவை, 40 வயதில் 600 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் முழு டிஎன்ஏயும் பிரதி எடுக்கப்படுகிறது.

முள்ளியவளைப் பக்கம் கூத்தாடுகிற வீடுகளில் பழைய கூத்துக் கொப்பி இருக்கும். ஒரு அண்ணாவியாரின் கொப்பியைப் பார்த்து அடுத்தவர் எழுதியது, அதைப் பார்த்து அவருக்கு அடுத்தவர் எழுதியது. எழுத எழுதப் பிழை ஏறும். ஆண் பக்கத்தை விளங்கப்படுத்த நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள்.

ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. பிரதி எடுத்த தடவைகள்தான் எல்லாம் என்றால், தகப்பன் பக்கப் பங்கு 20 வயதில் ஏழு மடங்காகவும் 40 வயதில் இருபத்தைந்து மடங்குக்கு மேலாகவும் இருக்க வேண்டும். உண்மையில் காண்பது மூன்று நாலு மடங்கு. அதுவும் பெற்றோரின் வயதோடு பெரிதாக மாறுவதில்லை. இன்னொன்று: ஐஸ்லாந்தில் 1,548 குடும்பங்களைப் பார்த்து 2017 இல் வந்த ஆய்வில், தகப்பனின் வயது ஒன்று கூட ஏறத்தாழ 1.5 விகாரம் கூடுகிறது; தாயின் வயது ஒன்று கூட 0.37. முட்டைதான் பிரிவதில்லையே, பிறகு ஏன் கூடுகிறது?

பெட்டகத்துக்குள் வைத்த கொப்பியையும் கறையான் அரிக்கும். அரித்த ஓட்டையில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறவர் பிழையான எழுத்தை நிரப்பலாம். அங்கே ஒருவரும் கொப்பியைப் பார்த்து எழுதவில்லை; கொப்பி சும்மா கிடந்ததுதான். டிஎன்ஏயும் இப்படிச் சேதப்படுகிறது, திருத்தப்படுகிறது, சிலவேளை பிழையாகத் திருத்தப்படுகிறது. இரு பாலாரிலும் விகாரங்களில் பெரிய பங்கு இந்தக் கறையானுடையது என்ற வாதம் 2019 க்குப் பிறகு நன்றாக வலுத்திருக்கிறது. இப்போது நான் வகுப்பில் இரண்டு கொப்பியையும் சொல்கிறேன்.

"ஆண் பங்கு நாலு மடங்கு என்றால் வை நிறமூர்த்தம் நாலு மடங்கு வேகமாக மாறும்"

கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இந்த இடத்தில் விழுவார்கள். பலகையில் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. வை எப்போதும் ஆணில்தான் இருக்கும். ஆக, பெண்ணில் விகார வீதம் 1 என்று வைத்தால் அதன் வீதம் 4. எக்ஸ் தன் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பெண்ணிலும் ஒரு பங்கை ஆணிலும் கழிக்கும்: 1 + 1 + 4 = 6, அதை மூன்றால் பிரித்தால் 2. ஆகவே வை எக்ஸைவிட இரண்டு மடங்குதான் வேகம். ஆண் பங்கை எவ்வளவு கூட்டினாலும் இந்த விகிதம் மூன்றைத் தாண்டாது. இந்தக் கணக்கைக் கூர்ப்போடு (பரிணாமத்தோடு) பொருத்திக் காட்டியவர்கள் ஜப்பானின் மியாத்தா குழுவினர், 1987 இல்.

2005 இல் சிம்பன்சியின் முழு மரபுத்தொகை வெளிவந்தபோது மனிதனோடு ஒப்பிட்டார்கள். எக்ஸில் வேறுபாடு ஏறத்தாழ 0.94 சதவீதம், வையில் 1.9. இவ்வளவு அழகாக ஒட்டியதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு. பொது மூதாதையரிடமே இருந்த பழைய வேறுபாடுகளும் அந்தச் சதவீதங்களில் கலந்திருக்கின்றன.

"வை சுருங்கிப்போன நிறமூர்த்தம், அதனாலைதான் வேகமோ சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. பதில் முற்றத்தில் கிளறிக்கொண்டு திரிகிறது. கோழியில் ஒழுங்கு மறுபக்கம்: சேவலுக்கு இரண்டு இசட், பேட்டுக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். டபிள்யூவும் வை மாதிரியே சுருங்கிப்போனது, ஆனால் எப்போதும் பேட்டில்தான் இருக்கும். சுருங்கியதுதான் காரணமென்றால் டபிள்யூ வேகமாக மாறியிருக்க வேண்டும். அது இசட்டைவிட மெதுவாகவே மாறுகிறது. இருக்கிற உடல்தான் கணக்கு.

"அப்ப எல்லாம் தகப்பன் பக்கம்"

இதுவும் இல்லை. நான் இதுவரை சொன்னது பெரும்பாலும் எழுத்து மாற்றங்களைப் பற்றி. நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையே பிசகுவது வேறு சங்கதி. 21ஆம் நிறமூர்த்தம் மூன்றாகிற டவுன் நிலையில் பத்தில் ஒன்பதளவு முட்டையில் நடந்த பிசகு. நிறமூர்த்தங்களைப் பாதியாக்குகிற ஒடுக்கற்பிரிவைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பல பத்து வருடம் காத்திருக்கிற கலம் அது. கலத்துக்குச் சக்தி தருகிற இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியாவின்) டிஎன்ஏயும் தாயிடமிருந்துதான்.

தகப்பன் பக்கத்திலும் எல்லாம் ஒரே கதை இல்லை. அகோண்ட்ரோபிளாசியா என்கிற குள்ள நிலையில் பெரும்பாலான பிள்ளைகளின் பெற்றோர் சாதாரண உயரம். விகாரம் புதிது, அநேகமாகத் தகப்பனிடமிருந்து, தகப்பனின் வயதோடு கூடுவது. 1912 இலேயே வைன்பேர்க் என்ற ஜேர்மன் வைத்தியர், கடைசியாகப் பிறக்கிற பிள்ளைகளில் இது கூட என்று கவனித்திருந்தார். ஒரே பரம்பரை அலகில் (ஜீனில்), ஒரே இடத்தில் நடக்கிற ஒரு எழுத்து மாற்றம் ஏன் இவ்வளவு அடிக்கடி? அந்த மாற்றம் வந்த கலம் விதைக்குள் மற்றவற்றைவிடக் கூடப் பெருகுகிறது. நெல்லுக்குள் வந்த களை மாதிரி, முளைத்தது கொஞ்சம், பரவியது கூட. இதை வைத்து 45 வயதில் தகப்பனாகிறவரைப் பயப்படுத்தத் தேவையில்லை. தனி ஒருவருக்கு அந்த வாய்ப்பு அப்போதும் மிகச் சிறியது.

கூர்ப்புக்கு வந்தால், "ஆண்தான் கூர்ப்பை நடத்துகிறான்" என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். விகாரம் விதைநெல்தான். எது விளையும் என்பதை இயற்கைத் தேர்வும் தற்செயலும் பார்த்துக்கொள்ளும். எழுத்துகளைப் புதிதாக மாற்றுவதில் ஆண் கூட. இருப்பதைக் கலைத்துச் சேர்ப்பதில் பெண் கூட. மனிதரில் குறுக்குப் பரிமாற்றம், அதாவது சோடி நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, முட்டைக்கு நாற்பதுக்கு மேல், விந்துக்கு இருபத்தாறு இருபத்தேழு. மேலும் இந்த ஆண் சார்பு எல்லா உயிருக்கும் பொது இல்லை. 68 முள்ளந்தண்டு விலங்கினங்களைப் பார்த்து 2023 இல் வந்த ஆய்வில் அது பாலூட்டிகளிலும் பறவைகளிலும் தெரிந்தது, மீன்களிலும் ஊர்வனவற்றிலும் தெரியவில்லை. இரணைமடுக் குளத்து மீனுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது.

பரந்தன் வீட்டிலிருந்து இரண்டு மாதத்தால் அழைப்பு வந்தது. பெடியனின் சித்திக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம். மாப்பிள்ளை பகுதிக்கு வருத்தக் கதை போய்விட்டது. இந்த முறை தாயே கதைத்தார். "தங்கச்சிக்கும் இருக்குமோ சேர்?"

அம்மம்மாவும் காவியென்றால் சித்திக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மப்பாவின் ஒரு விந்தில் வந்த புது விகாரமென்றால், சித்தி வேறொரு விந்தில் வந்தவர், அநேகமாக இருக்காது. ஆனால் அம்மப்பாவின் விதையில் விகாரம் வந்த கலங்கள் ஒரு கொத்தாக இருந்திருந்தால் அவருக்கும் வந்திருக்கலாம். அதனால் சொந்தக்காரர் கூடிப் பேசி முடிவெடுக்கிற விசயம் இல்லை இது. அம்மம்மாவுக்கும் சித்திக்கும் தனித்தனியே இரத்தம் பார்க்க வேண்டும். கிளினிக்கில் கேட்டு ஒழுங்கு செய்யச் சொன்னேன். போன கிழமை இரண்டு பேரும் இரத்தம் கொடுத்துவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அப்பம்மா மட்டும் என்னைக் காணும் இடமெல்லாம் மறித்துக் கேட்கிறார்: "என்ன சேர், தேப்பனோ தாயோ?"