டைட்டானிக் பொருட்கள் கண்காட்சிய எப்படி பாக்கணும்

லாஸ் வேகாஸ் லக்சார் ஹோட்டல்ல டைட்டானிக்ல இருந்து எடுத்த பொருள்கள வெச்சிருக்காங்க. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: இதெல்லாம் கிட்டத்தட்ட 3,800 மீட்டர் ஆழத்துல கிடந்தது, அங்க தண்ணியோட அழுத்தம் நம்ம தலைக்கு மேல இருக்குற காத்தழுத்தத்த விட 380 மடங்கு.

1985ல கடல் ஆய்வாளர்கள் ராபர்ட் பல்லார்டும் ழான் லூயி மிஷேலும் சேர்ந்து டைட்டானிக்கத் தேடினப்போ முழுக் கப்பலையும் தேடல, சிதறின பொருட்கள் நீளமா பரவியிருக்கும்ல, அந்தத் தடத்த கேமரா இழுத்துட்டுப் போய்த் தேடினாங்க, மொதல்ல கண்ணுல பட்டது கப்பலோட ஒரு பாய்லர் (நீராவிக் கொதிகலன்). அதனால நீங்களும் சின்னப் பொருள்ல இருந்து ஆரம்பிங்க, பெருசுக்கு அப்புறம் வாங்க.

தோல் பெட்டி, தோல் பை எங்க இருந்தாலும் நின்னு பாருங்க. பதப்படுத்தின தோல பாக்டீரியா சீக்கிரம் அரிக்காது, உள்ள இருந்த காகிதம்கூட அதனாலதான் தப்பிச்சுது. சால்ஃபெல்ட்னு ஒரு பயணி வாசனைத் திரவிய வியாபாரி, அவரோட சின்னச் சின்ன சாம்பிள் பாட்டில்களும் கிடைச்சுது, இத்தன வருஷம் கழிச்சும் வாசனை இருந்துச்சு, எனக்கு இதுதான் எல்லாத்துலயும் பெருசு!

கடைசியா 1998ல மேல தூக்குன 15 டன் இரும்புத் துண்டு, கப்பலோட வெளிச்சுவர்ல ஒரு பகுதி. தகடுகள இணைக்கிற ரிவெட் ஆணிகளோட வரிசைய கிட்டப் போய்ப் பாருங்க, அப்புறம் பின்னாடி தள்ளி நின்னு ஜன்னல்கள பாருங்க. அவசரப்படாதீங்க, ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க.