நாட்குறிப்போடு ஒரு யோகப் பயிற்சி

பத்தமடையில் 1887ஆம் ஆண்டு குப்புசாமியாகப் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர், தம்மிடம் யோகம் கற்க வந்தவர்களுக்கு ஆசனங்களையும் ஜபத்தையும் சொல்லிக் கொடுத்ததோடு நில்லாமல், நாள்தோறும் நிரப்ப வேண்டிய ஒரு நாட்குறிப்பையும் வகுத்துத் தந்தார். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள், ஆசனத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்கும் அந்த நாட்குறிப்பு, எத்தனை பொய் சொன்னீர்கள், எத்தனை முறை கோபப்பட்டீர்கள் என்றும் கேட்கிறது. ஆசனத்துக்கும் பொய்க்கும் ஒரே தாளில் கணக்கு வைக்கச் சொன்ன அந்த ஏற்பாடே அன்றாட மாணவருக்கு மிகப் பொருத்தமான யோக முறை என்று நான் கருதுகிறேன். நெல்லைச் சீமையில் வீடு, கடை, வயல், அலுவலகம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் பயிற்சி சொல்லிக் கொடுப்பதும் அந்த அடிப்படையில்தான்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் மன அலைகள் அடங்குவதையே யோகம் என்கிறது. ஏறத்தாழ இருநூறு சூத்திரங்கள் கொண்ட அந்த நூலில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. அவற்றில் முதலாவது, நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்று சொல்லி முடித்துவிடுகிறது. அது சொல்லும் யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன், செய்யக் கூடாதவற்றை விலக்கும் இயமமும் செய்ய வேண்டியவற்றைக் கடைப்பிடிக்கும் நியமமும் நிற்கின்றன. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே வரிசையைத்தான் வைக்கிறார். ஆனால் இயமத்தில் நிற்பவனை அவர் விவரிக்கும்போது கொல்லாமை, பொய்யாமை, களவின்மை ஆகியவற்றோடு, நடுவுநிலை தவறாதவன், பகுத்துண்பவன் என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார். பதஞ்சலியின் இயமப் பட்டியலில் இவ்விரண்டும் தனியாக இல்லை. தராசைப் பிடிக்கும் கையும் சோறு போடும் கையும் யோகத்துக்குள் வந்துவிடுவதால், குடும்பத்தில் இருப்பவர்களுக்கு நான் திருமூலரின் பட்டியலையே முதலில் சொல்வேன்.

பயிற்சிக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையே ஏற்றது. சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்கே மொட்டை மாடித் தளம் சூடேறத் தொடங்கிவிடும் என்பதால், அந்த மாதங்களில் வீட்டுக்குள் தார்சாவிலோ பட்டாசலிலோ காற்று வரும் இடமாகப் பார்த்து அமர்வது நல்லது. சாரல் காலத்தில் ஈரத்தரையில் உட்காரக் கூடாது. பத்தமடைக் கோரைப் பாய் உட்காரவும் படுக்கவும் அருமையானது, வியர்வையிலும் ஒட்டாது. ஆனால் சிமெண்டுத் தரையில் அதன் மேல் நின்று கால்களை அகட்டினால் வழுக்கக்கூடும் ஆகையால், நின்று செய்பவற்றை வெறுந்தரையிலேயே செய்துகொள்ளுங்கள். விலை உயர்ந்த விரிப்பு எதுவும் தேவையில்லை. வயிறு காலியாக இருக்க வேண்டும். மாலையில் செய்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணி நேரமாவது விட வேண்டும். கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு சாப்பிட்ட நாளில் மாலைப் பயிற்சியை விட்டுவிட்டு, இரவில் மூச்சை மட்டும் கவனித்து அமர்ந்தால் போதும்.

முதலில் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும். பலரும் அவசரமாகக் கடந்துபோவது இதைத்தான். பழைய போர்வை ஒன்றை நான்காக மடித்துப் பாயின் ஓரத்தில் வைத்து, அதன் முன்விளிம்பில் அமர்ந்து கால்களைச் சம்மணமிடுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருந்தால் முதுகு தானாகவே நிமிரும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் கீழ்முதுகு பின்னால் வளைந்து சில நிமிடங்களில் வலிக்கத் தொடங்கும், அப்போது இன்னொரு மடிப்பைச் சேர்க்க வேண்டும். தோள்களைத் தளரவிட்டு, முகவாயைச் சிறிது உள்ளே இழுத்து, நாக்கை மேலண்ணத்திலிருந்து விடுவியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் பாதங்கள் தரையில் படும்படி அமர்ந்து செய்வதில் எந்தக் குறைவும் இல்லை. முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துவதால் ஆசனம் கைகூடும் என்று பதஞ்சலியே சொல்லியிருக்க, பத்மாசனம் வரவில்லையே என்று மனம் நோகத் தேவையில்லை.

ஆசனங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நின்றபடி மூச்சை இழுக்கும்போது கைகளை உயர்த்தி, விடும்போது இறக்கும் தாடாசனம், குப்புறப் படுத்து மார்பை மட்டும் சிறிது உயர்த்தும் புஜங்காசனம், மல்லாந்து முழங்கால்களை வயிற்றோடு அணைக்கும் பவனமுக்தாசனம், இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம், இறுதியில் சவாசனம். தொடக்கத்துக்கு இவை போதும். ஒவ்வோர் அசைவும் ஒரு மூச்சோடு தொடங்கி அந்த மூச்சோடு முடிய வேண்டும். உடலுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர ஆசனத்துக்காக உடலை முறுக்கக் கூடாது. இந்த அணுகுமுறையை நம் காலத்துக்கு அழுத்தமாகக் கற்பித்தவர் 1888இல் பிறந்து 1989 வரை வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார். நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்திருந்ததாகப் போற்றப்படும் ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில், தம் இளமையில், வைணவ ஆசாரியரான நாதமுனிகளின் ‘யோக ரகசியம்’ என்ற நூலைக் கேட்டறிந்ததாக அவர் சொல்லிவந்தார். நம் தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு யோகம் எங்கோ தொலைவிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்கள், திருச்செந்தூர் போகிற வழியில் அங்கே ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.

மூச்சுப் பயிற்சியில் மிகுந்த நிதானம் வேண்டும். திருமூலர் இடது நாசியால் பதினாறு மாத்திரை (மாத்திரை என்பது ஒரு கால அளவு) இழுத்து, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை விடும் கணக்கைச் சொல்கிறார். அந்தப் பாடலைப் படித்துவிட்டு வீட்டில் தனியாக மூச்சை அடக்கிப் பார்ப்பவர்களை நான் வற்புறுத்தித் தடுப்பதுண்டு. குருவின் மேற்பார்வையில் பல ஆண்டுகள் பழகியவர்களுக்கான அளவு அது. அன்றாட மாணவர் அடக்குதலை முற்றிலும் விட்டுவிட்டு, நாடி சுத்தியை மட்டும் செய்தால் போதும். வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசி வழியாக நான்கு எண்ணும்வரை இழுங்கள். பிறகு மோதிர விரலால் இடதை மூடி, வலது வழியாக ஆறு எண்ணும்வரை விடுங்கள். அதே வலது வழியாக இழுத்து இடது வழியாக விட்டால் ஒரு சுற்று. ஐந்து சுற்று செய்யுங்கள். மூக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம், மூடினால் போதும். மூச்சு விடும்போது கடைசியில் திணறினாலோ, அடுத்த மூச்சை அள்ளிப் பிடிப்பதுபோல் இழுத்தாலோ, உங்கள் எண்ணிக்கை அதிகம் என்று பொருள், அதைக் குறையுங்கள். சளியால் மூக்கு அடைத்த நாளில் இதை விட்டுவிட வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளைத் தவிர்த்து, தலைகீழ் ஆசனங்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறுதி ஐந்து நிமிடம் தியானம். மனத்துக்கு உகந்த எதைப் பற்றியும் தியானிக்கலாம் என்று பதஞ்சலி வழி திறந்து வைத்திருக்கிறார். ஆகவே நெல்லையப்பரை நினைப்பவர் நெல்லையப்பரை நினைக்கலாம்; மேலப்பாளையத்துப் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் பாளையங்கோட்டைத் தேவாலயத்துக்குப் போகிறவரும் தத்தம் வேண்டுதலில் மனம் வைக்கலாம்; இறைநம்பிக்கை இல்லாதவர் மூச்சைக் கவனிக்கலாம். மனம் ஓடும், ஓடியதைக் கவனித்துத் திருப்பிக் கொண்டுவருவதே அந்த ஐந்து நிமிடத்தின் வேலை.

இனி நாட்குறிப்பு. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள்: எழுந்த நேரம், பயிற்சி செய்த நிமிடங்கள், பொய், கோபம், பகிர்ந்தது. இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்துவிட வேண்டும். விளக்கமும் வருத்தமும் வேண்டாம். காய்கறிக் கடை நடத்தும் மாணவி ஒருவர், மொத்த வியாபாரியிடம் பணம் நாளைக்குக் கண்டிப்பாகத் தருகிறேன் என்று சொன்னதை எழுதலாமா என்று தயங்கி, “டீச்சர், இதப் பொய்யினு எழுதணுமா? யாவாரத்துல எல்லாரும் சொல்லுததுதான” என்று கேட்டார். தர முடியாது என்று தெரிந்தே சொன்னீர்களா என்று மட்டும் கேட்டேன், பேசாமல் எழுதிக்கொண்டார். சில வாரங்களில் அவர் வியாபாரியிடம் “வெள்ளிக்கிழமைதான் முடியும்” என்று சொல்லப் பழகியிருந்தார். கடன் தவணையில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை, ஆனால் காலையில் தியானத்தில் அமரும்போது அந்த வியாபாரியின் முகம் முன்னால் வந்து நிற்பது நின்றுவிட்டது என்றார். பொய்யாமை தியானத்துக்கு முன்படியாக வைக்கப்பட்டிருப்பதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

கோபக் கட்டத்தில் எண்ணிக்கையோடு, யார் மேல் என்பதையும் ஓர் எழுத்தால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும். அவருக்கென்று பதஞ்சலி சொல்லும் நான்கு மனநிலைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: அவர் மகிழ்ச்சியாக இருந்தால் நட்பு, துன்பப்படுகிறார் என்றால் கருணை, நல்லது செய்தால் உவகை, தீயது செய்தால் பொருட்படுத்தாமை. வீட்டில் உள்ளவர்கள் மேல் வரும் கோபத்துக்கு இவற்றில் கருணையே பெரும்பாலும் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

மாத முடிவில் நோட்டை முழுவதுமாக ஒரு முறை புரட்டுங்கள். பயிற்சிக் கட்டம் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் காலியாக இருந்தால், நேரத்தைக் கூட்டாமல் பதினைந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்வதே பயிற்சியை உறுதியாக்கும் என்பது சூத்திரம். பயிற்சிக் கட்டம் நிறைந்தும் கோபக் கட்டம் மாறாமல் இருந்தால், புது ஆசனம் எதையும் சேர்க்காமல் மூச்சுப் பயிற்சியில் இரண்டு சுற்றும் தியானத்தில் இரண்டு நிமிடமும் கூட்டுங்கள். இரண்டு கட்டங்களும் சில மாதங்கள் சீராக இருந்த பிறகு, அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நேரில் சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியரிடம் சென்று அடுத்த படியைக் கேளுங்கள். நோட்டைப் பார்க்காமலே மூச்சை அடக்கும் கும்பகம் கற்றுத் தருகிறேன் என்பவரிடம் அவசரப்பட்டுச் சேர வேண்டாம்.