எக்ஸ்ட்4-ஆ, பிடிஆர்எஃப்எஸ்-ஆ? டிஸ்கில் இருக்கும் படங்களைக் காப்பாற்றும் வழி

புது டிஸ்க் வாங்கியதும் எந்த ஃபைல்சிஸ்டம் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை; எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்றவை) போடலாம் என்று கேட்பதற்கு முன்னால், அதில் வைக்கப்போவது தொலைந்தால் திரும்பக் கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். லினக்ஸையும் மென்பொருள்களையும் அரை நாளில் மறுபடி நிறுவிவிடலாம். வீட்டுப் படங்கள் போனால் போனதுதான். இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது.

என்னிடம் பாட்டியின் படம் ஒன்று இருக்கிறது. மேலே ஓட்டுக்கூரையும் அவருடைய நெற்றியும் தெரிகின்றன, கண்ணுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கோப்பின் அளவு மாறவில்லை, தேதி மாறவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் வந்ததில்லை. டிஸ்கில் எப்போதோ சில பைட்டுகள் கெட்டிருக்கின்றன, அது தெரியாமல் புதிய பேக்கப் டிஸ்குக்கு மொத்தமாக நகலெடுத்துவிட்டு, நல்ல நகல் இருந்த பழைய பேக்கப் டிஸ்கை நானே அழித்தேன். இப்போது இரண்டு நகலிலும் சாம்பல்தான் இருக்கிறது.

அது எக்ஸ்ட்4 டிஸ்க். எக்ஸ்ட்4 மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. 2008 முதல் நிலையான வடிவில் கர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) இருக்கிறது, அதைப் பழுதுபார்க்கும் கருவிகள் நன்றாகத் தேறியவை, லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கும் ரூட் பகுதிக்கு இன்றும் தயங்காமல் போடலாம். ஆனால் அதன் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) எதைக் காக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் போனால் ஃபைல்சிஸ்டத்தின் கட்டமைப்பு குலையாமல் அது பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கடைசி சில நொடிகளில் எழுதியது போகலாம். செக்சம் (பைட்டுகள் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) போடுவதும் மெட்டாடேட்டாவுக்கு, அதாவது பெயர், அளவு, இடம் போன்ற குறிப்புகளுக்கு மட்டும்தான், படத்துக்குள் இருக்கும் பைட்டுகளை அது சரிபார்ப்பதே இல்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டமும் இந்த விஷயத்தில் அப்படியே. பெரிய கோப்புகளுக்கும் சர்வர்களுக்கும் அருமையானது, 2014-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அங்கே அதுதான் இயல்புநிலை, ஆனால் ஒரு பகுதியைப் பெரிதாக்கலாமே தவிரச் சிறிதாக்க முடியாது.

படங்களுக்கு நான் சொல்வது பிடிஆர்எஃப்எஸ். 2009-இல் கர்னலில் சேர்ந்தது, 2020-இல் வந்த ஃபெடோரா லினக்ஸ் 33 முதல் அதன் டெஸ்க்டாப் பதிப்புகளில் இயல்பாக இதுதான். எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் போட்டு, படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் கெட்டதைக் கையில் கொடுக்காமல் படிக்க முடியவில்லை என்று நிறுத்திவிடும், அந்தக் கோப்பின் அடையாள எண்ணையும் (ஐநோட்) கர்னல் பதிவில் எழுதிவைக்கும். இரண்டு டிஸ்குகளை ரெய்ட்1 ஆக (எல்லாமே இரண்டிலும் எழுதப்படும் ஏற்பாடு) இணைத்திருந்தால் மற்றதில் உள்ள நல்ல நகலைக் கொண்டு தானே திருத்திக்கொள்ளும். ஒரே டிஸ்க் என்றால் திருத்தாது, ஆனால் கெட்டது தெரிந்துவிடும். பேக்கப்பில் நல்லது இருக்கும்போதே தெரிந்தால் போதுமே! யாரும் திறக்காத கோப்புகளையும் படித்துப் பார்க்க, மாதம் ஒருமுறை ஸ்க்ரப் என்ற முழுச் சோதனையை ஓட விடுங்கள்.

சில எச்சரிக்கைகள். பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரெய்ட்5, ரெய்ட்6 என்ற பல டிஸ்க் ஏற்பாடுகள் பக்கம் போகாதீர்கள். விர்ச்சுவல் மெஷின் கோப்புகளுக்காக காப்பி-ஆன்-ரைட்டை (பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை) அணைத்தால் அந்தக் கோப்புகளுக்குச் செக்சமும் போய்விடும். டிஸ்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை (கணினியில் திறக்கவில்லை) என்றால் பதற்றத்தில் ரிப்பேர் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள், அது இருப்பதையும் கெடுக்கலாம். முதலில் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து கோப்புகளை வெளியே எடுக்கப் பாருங்கள்.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டமும் இதையெல்லாம் செய்யும், பல டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) அதுவே நல்ல தேர்வு என்பேன். உரிமச் சிக்கலால் கர்னலுக்கு வெளியே இருப்பதால், கர்னலைப் புதுப்பிக்கும்போது இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பிகேஷ்எஃப்எஸ் என்ற புது ஃபைல்சிஸ்டம் 2024 ஜனவரியில் 6.7 கர்னலோடு வந்து 2025-இல் கர்னலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் டிஸ்க். ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் பட்டியல்) மூன்று எண்களைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்), 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை; இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை நம்பாதீர்கள். 199 என்பது தரவு கடத்தும்போது வரும் பிழைகள்; அது ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கின் மேல் எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டவே கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் வேறு டிஸ்குக்கு முழு நகல் எடுத்துவிட்டு, பழுதுபார்க்கும் வேலையை அந்த நகலில் செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் பேக்கப் வேண்டும். 2023 டிசம்பரில், எக்ஸ்ட்4 தரவைக் கெடுக்கும் பிழை ஒன்று 6.1.64 கர்னலில் இருந்ததால் டெபியன் லினக்ஸின் 12.3 வெளியீட்டையே நிறுத்திவைத்தார்கள். அவ்வளவு பழகிய ஃபைல்சிஸ்டத்துக்கே அந்த நிலை வந்தது. ரெய்ட் பேக்கப் ஆகாது, அதே டிஸ்கில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) ஆகாது. ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருளை வைத்து, பழைய பதிப்புகளும் தங்கும்படி வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுத்து, முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்தினால் அதன் டிலீட் விருப்பத்தோடு கவனம், இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழிந்துவிடும்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து பத்துப் படங்களை எடுத்து முழு அளவில் திறந்து கீழ் ஓரம் வரை பாருங்கள். ஃபைல் மேனேஜரில் தெரியும் சிறுபடத்தைப் பார்த்து நல்லதென்று முடிவு செய்துவிட வேண்டாம். பல கேமராக்கள் அதைப் படக் கோப்பின் தொடக்கத்திலேயே தனியாகப் பதிந்துவைக்கின்றன, பின்னால் இருக்கும் பகுதி கெட்டாலும் அது அப்படியே இருக்கும். என் பாட்டியின் சிறுபடத்தில் அவருடைய முகம் இன்னும் முழுதாக இருக்கிறது.